நாலாம் நம்பர் போண்டா

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல மேடம்" என்றாள் சுவேதா.

தாட்சாயிணிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. வந்தவள் மேசையைத் தட்டிக் கத்தியிருந்தால் சமாளித்திருப்பாள். துப்பறியும் தொழிலில் அவள் வாங்காத வசவா? தன் கணவனை ஜெயிலுக்கு அனுப்பியவளின் எதிரிலேயே உட்கார்ந்து, மழையில் நனைந்த துப்பட்டாவைப் பிழியக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு, கோபம் இல்லை என்று ஒருத்தி சொன்னால் என்னதான் செய்வது?

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். திருட்டுப் பிரதிகளைக் கண்டுபிடிப்பதில் நிபுணர் என்று வாசலில் பெரிதாகப் போர்டு. கீழே கடையில் பொழுது விடிந்தது முதல் இன்ஜினியரிங் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை ஜெராக்ஸ் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர்தான் கட்டடத்துக்கும் சொந்தக்காரர். ஆகவே அந்த ஒரு திருட்டை மட்டும் தாட்சாயிணியின் நிபுணத்துவம் கண்டுகொள்வதில்லை.

"டீ குடிம்மா" என்று கிளாஸை நீட்டினான் யூசுப். தாட்சாயிணியின் உதவியாளன். பைக் ஓட்டுவான், ஆட்களைப் பின்தொடர்வான், இரண்டுக்கும் நடுவில் வாய் ஓயாமல் பேசுவான். "கீய ஜெராக்ஸ் கடைல போட்ட டீ. ஒரிஜினல் எங்க கீதுன்னு தெர்ல."

சுவேதா சிரிக்கவில்லை. தாட்சாயிணியும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் மணவாளன் ஆசைப்பட்டு ஒரு படம் எடுத்தார். 'மூடாத கேட்' என்று பெயர். தீபாவளிக்கு வர வேண்டிய படம், அதற்கு முன்னாலேயே ஊரிலுள்ள செல்போன்களில் எல்லாம் வந்துவிட்டது. கடைசிக்கட்ட வேலைகளுக்காக ஐந்து பேருக்கு மட்டும் ஆளுக்கொரு ஹார்ட் டிஸ்க்கில் படம் போயிருந்தது. அதில் எது வெளியே போனாலும் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று முன்கூட்டியே பொறுப்பேற்றிருந்தவள் தாட்சாயிணி.

வழக்கமாக இதற்கு ஒவ்வொரு காப்பிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணைப் புதைப்பார்கள். டிஜிட்டல் கைரேகை என்று சொல்வார்கள். திருடர்கள் சும்மா இருப்பார்களா? திரையில் ஓடுவதைச் செல்போனில் மறுபடி படம் பிடித்து, ஓரத்தை நறுக்கி, கலரை மாற்றி, ரேகையை அழித்துவிடுகிறார்கள். ஆகவே தாட்சாயிணி தன் பங்குக்கு ஒரு ரேகை வைத்தாள். படத்தில் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு டீக்கடை வரும். கதாநாயகி அழுதுகொண்டே அதைக் கடந்து போவாள். அவளுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை, அதில் 'இன்றைய ஸ்பெஷல்'. அதற்குக் கீழே இருந்த எழுத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றி வைத்தாள். முதல் காப்பியில் மசால் வடை. இரண்டில் வாழைக்காய் பஜ்ஜி. மூன்றில் சமோசா, நான்கில் முட்டை போண்டா, ஐந்தில் மெதுவடை. கதாநாயகி அழும்போது எந்தத் திருடன் போண்டாவைப் பார்க்கப் போகிறான்? தாட்சாயிணி, யூசுப், வரைந்து கொடுத்த கிராஃபிக்ஸ்காரர், இந்த மூவரைத் தவிர யாருக்கும் இது தெரியாது. மணவாளனுக்கே தெரியாது.

வெளியே வந்த திருட்டுக் காப்பியில் முட்டை போண்டா இருந்தது. நாலாம் நம்பர் டிஸ்க் போனது ஆங்கில சப்டைட்டில் எழுதும் டில்லிபாபுவிடம். பட்டாபிராமில் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவன். சந்தேகத்துக்கு இடமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் தாட்சாயிணி. மறுநாள் காலை அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோதே போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அவன் வீட்டு டிஸ்க்கில் நாலு என்று ஸ்டிக்கர் இருந்தது. அதற்குச் சீல் வைத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். டிஸ்க் அங்கே வரிசையில் காத்துக் கிடந்தது. டில்லிபாபு புழல் சிறையில் கிடந்தான்.

"இன்னைக்கு மத்தியானம் அவரைப் பூந்தமல்லி கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வர்றாங்க" என்றாள் சுவேதா. "போலீஸ் கையில இருக்கறதே உங்க ரிப்போர்ட் ஒண்ணுதான், அது நிக்கற வரைக்கும் ஜாமீன் கஷ்டம்னு வக்கீல் சொல்றாரு."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். இதை ஒரு தடவை பாருங்க. அவ்ளோதான்."

தன் செல்போனை நீட்டினாள். டில்லிபாபு எழுதிய சப்டைட்டில் முழுவதும் அதில் இருந்தது. நெமிலிச்சேரியில் ஏறி சென்ட்ரல் வரை தினமும் வேலைக்குப் போகிறவள் அவள். ரயிலில் படித்துப் பிழை திருத்தித் தரும்படி அவன் அனுப்பி வைத்திருந்தான்.

"இவ்ளோ பாத்துப் பாத்துச் செஞ்ச மனுஷன், அதே படத்தைத் திருடி விடுவாரா மேடம்? நீங்க படிச்சவங்க. படிச்சுட்டுச் சொல்லுங்க."

மறுக்க முடியாமல்தான் தாட்சாயிணி வாங்கிக்கொண்டாள். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். வசனங்கள் மட்டுமல்ல, மனிதன் கண்ணில் பட்டதையெல்லாம் மொழிபெயர்த்து வைத்திருந்தான். கேட் பலகை, சுவர் விளம்பரம், ஆட்டோவின் முதுகில் எழுதியிருந்த வாசகம். கதாநாயகி அழ ஆரம்பித்தாள். டீக்கடை வந்தது.

டுடேஸ் ஸ்பெஷல்: ரா பனானா ஃப்ரிட்டர்ஸ்.

அவள் விரல் நின்றது.

"இந்த வரி..." என்றாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள்.

"அதுவா? அந்த பஜ்ஜிக்கு ஒரு சாயங்காலம் பூரா சண்டை மேடம். நான் பஜ்ஜின்னே போடுங்கன்னேன். அமெரிக்காவுல பாக்கறவனுக்கு என்ன புரியும்னாரு."

"இதை உனக்கு எப்ப அனுப்பினாரு?"

"படம் லீக் ஆகறதுக்கு முந்தின வாரம். தேதி அதுலயே இருக்கு பாருங்க."

இருந்தது. தாட்சாயிணி அதை இரண்டு முறை பார்த்தாள். நாலாம் நம்பர் டிஸ்க்கை வைத்திருந்தவன் போண்டாவைப் பார்த்திருக்க வேண்டும். இவனோ பஜ்ஜியைப் பார்த்திருக்கிறான். பஜ்ஜி இரண்டாம் நம்பர்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா, உன் புருஷன் குற்றவாளி இல்லை என்று தோன்றுகிறது, ரிப்போர்ட்டில் என்னவோ தவறு என்று ஒரு வரி போதும். அது நாக்கு நுனி வரை வந்து நின்றது. "இதை என் போனுக்கு அனுப்பிடு. மத்தியானம் கோர்ட்டுக்கு வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். சுவேதா அதற்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். தாட்சாயிணிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"யூசுப், போண்டாவுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"போண்டாக்கு ஏதுக்கா இங்கிலீஷு? வெள்ளக்காரன் துன்னுப் பாத்திருந்தா பேர் வெச்சிருப்பான். துன்னாமயே கப்பல் ஏறிட்டான்."

"முட்டை போண்டான்னு எழுதியிருக்கறதை வாழைக்காய் பஜ்ஜின்னு யாராவது படிப்பாங்களா?"

யூசுபின் வாயில் அடுத்த நகைச்சுவை தயாராகத்தான் இருந்திருக்கும். அது வரவில்லை. "சாளேஸ்வரம் இருந்தா படிப்பான்" என்றான், டீ கிளாஸை எடுத்துக்கொண்டே.

"டில்லிபாபுகிட்ட இருந்தது ரெண்டாம் நம்பர். அப்ப ரெண்டாம் நம்பர் வாங்கினவன்கிட்ட என்ன இருக்கு? டிரெய்லர் வெட்டின பையன், பேரு விஷால். அயனம்பாக்கம். வண்டியை எடு."

"மய பெய்துக்கா."

"கோட்டு போட்டுக்க."

அத்திப்பட்டு வழியில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. லாரிகள் இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு போயின. பின் சீட்டில் உட்கார்ந்தபடியே, மழைக்கோட்டுத் தொப்பிக்குள் செல்போனைச் செருகி மணவாளனைக் கூப்பிட்டாள் தாட்சாயிணி.

"சார், அஞ்சு டிஸ்க்கும் என் ஆபீஸ்லேர்ந்து உங்க பட்டறைக்கு வந்துச்சு. அப்பறம் என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? ஆயுத பூஜைல வெச்சோம்." மணவாளனின் குரலில் இத்தனை நஷ்டத்துக்குப் பிறகும் ஒரு பெருமை இருந்தது. "லேத்து, டிரில்லு, ஸ்பேனர் எல்லாத்தையும் கழுவித் துடைச்சு, நடுவுல ஒரு தாம்பாளத்துல அஞ்சு டிஸ்க்கையும் வெச்சு, என் சம்சாரமே தன் கையால சந்தனம் குங்குமம் வெச்சா. மெஷினுக்கு வெக்கறோம், படத்துக்கு வெக்கலன்னா எப்படி மேடம்?"

"எந்த இடத்துல வெச்சாங்க?"

"மேல வெள்ளையா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தீங்களே. நெத்தி மாதிரி இருந்துச்சு. அதுலதான். சந்தனம் நல்லாத் தண்ணியாக் கரைச்சு வழிய வழிய வெச்சா. பூஜைல வெச்சதை அன்னைக்குத் தொடக்கூடாது இல்லையா, ராத்திரி பூரா அப்படியே இருந்துச்சு. மறுநாள் உங்க ஆளு வந்து எடுத்துக்கிட்டுப் போய்க் குடுத்தாரே."

உங்க ஆளு. தாட்சாயிணி செல்போனைப் பைக்குள் போட்டாள். அவளுக்கு முன்னால் யூசுபின் முதுகு, அதன்மேல் நீல நிற மழைக்கோட்டு, கோட்டில் வழிந்துகொண்டிருந்த தண்ணீர். அவள் கேட்ட கேள்விகள் அவன் காதிலும் விழுந்திருக்கும். எப்போதும் லாரிக்காரனோடு ஒரு சண்டை, பள்ளத்தோடு ஒரு சண்டை என்று பேசிக்கொண்டே ஓட்டுகிறவன் வாயே திறக்கவில்லை. தோளைத் தொட்டு ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது. அவள் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன?

அயனம்பாக்கம் ஏரி நிரம்பிக் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏரியைப் பார்த்த அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. மணியை அடித்ததும் கதவு திறந்தது. நாலு நாள் தாடியோடு ஓர் இளைஞன் நின்றான்.

"நான் தாட்சாயிணி. மணவாளன் சார் படத்துக்கு..."

"தெரியும் மேடம். டிவில பாத்தேன்." விஷால் ஒதுங்கி வழிவிட்டான். "உள்ள வாங்க. ரொம்ப லேட்டா வந்துக்கீறீங்க."

குற்றவாளிகள் கதவைச் சாத்துவார்கள், பின்வாசலில் குதிப்பார்கள், வக்கீல் நம்பரைத் தேடுவார்கள். தாமதமாக வந்ததற்குக் கோபித்துக்கொள்கிறவனை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"உங்களுக்குக் குடுத்த டிஸ்க்?"

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஸ்டிக்கரில் இரண்டு என்று எழுதியிருந்தது. எண்ணின் மேல் மஞ்சள் கறை. கேபிள் செருகும் ஓட்டையில் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தாட்சாயிணி அதை அவனுடைய கம்ப்யூட்டரில் மாட்டி, படத்தை ஓட்டினாள். கேட் வந்தது. டீக்கடை வந்தது. கதாநாயகி அழுதுகொண்டு வந்தாள். படத்தை நிறுத்தினாள்.

இன்றைய ஸ்பெஷல்: முட்டை போண்டா.

"இதுல இன்னா மேடம் கீது?" என்றான் விஷால்.

"உன் கைரேகை."

அவன் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுவான் என்று நினைத்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டான், அவ்வளவுதான்.

"எவ்வளவுக்குக் குடுத்தே?" என்றாள்.

"விக்கல மேடம். சத்தியமா விக்கல. எனக்குப் பொண்ணு பாத்தாங்க. ஆவடி குவாட்டர்ஸ்ல. அவங்க அப்பா ஃபேக்டரில இருக்காரு. பையன் சினிமால கீறான்னு சொன்னதுக்கு, 'இன்னா, போஸ்டர் ஒட்றானா'ன்னு கேட்டாரு. டிரெய்லர்ல எங்க பேரு எங்க வருது? படத்துல மட்டும் கடேசில எறும்பு சைஸ்ல வரும். அதக் காட்டலாம்னு பொண்ணோட அண்ணனுக்கு லிங்க் அனுப்பிச்சேன். கிரணுன்னு பேரு. பாத்துட்டு அழிச்சுடுங்கன்னு சொல்லித்தான் அனுப்பிச்சேன்."

"அழிச்சாரா?"

"சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டாரு. எங்க மாப்ள படம்னு."

பெருமையில் செய்த காரியம். வேறு ஊரில், வேறு வீட்டில், மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்டிருப்பார்கள். இங்கே மாப்பிள்ளை படத்தையே அனுப்பிவிட்டான். அந்தக் குரூப்பிலிருந்து இன்னொரு குரூப்புக்கும், அங்கிருந்து ஊர் முழுவதற்கும் போக எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

"டில்லிபாபுவைப் புடிச்சப்போ?"

விஷால் தரையைப் பார்த்தான். "டெய்லி கதவையே பாத்துக்கினு இருந்தேன், எனக்குத்தான் வருவாங்கன்னு. அவரப் புடிச்சுட்டாங்கன்னு நியூஸ் வந்துச்சு. மொதல்ல ஒண்ணும் புரியல. அப்பறம்... சொல்லவே வெக்கமா கீது மேடம், சந்தோசமா இருந்துச்சு. அவரும் யாருக்காச்சும் அனுப்பியிருப்பாரு, அதான் மாட்டிக்கினாருன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். போன ஞாயித்துக்கெழம நிச்சயம் முடிஞ்சுது. எல்லா போட்டோலயும் சிரிச்சுக்கினு நிக்கறேன். ஊட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்."

"இப்பவே எங்க கூடக் கோர்ட்டுக்கு வர்றியா, நாளைக்குப் போலீஸோட வர்றியா?"

"இப்பவே வரேன்" என்று எழுந்து சட்டையை மாற்ற உள்ளே போனான். கேஸ் முடிந்தது என்று வேறு நாளாக இருந்தால் தாட்சாயிணி யூசுபின் முதுகில் ஒரு தட்டு தட்டியிருப்பாள்.

யூசுப் பால்கனியில் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். இனி கேட்காமல் இருக்க வழியில்லை.

"ஸ்டிக்கரை மாத்தினது யாரு?"

"நான்தான்" என்றான் யூசுப். திரும்பிப் பார்க்கவில்லை. "மூணு ஸ்டிக்கரு ஒட்டிக்கினே இருந்துச்சு. ரெண்டும் நாலும் மட்டும் சந்தனத்துல ஊறிக் கயண்டு தட்டுல கெடந்துச்சு. எது எதோடதுன்னு தெர்ல. குத்துமதிப்பா ஒட்டினேன்."

தாட்சாயிணிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உண்மையைச் சொல்வதானால் அந்தக் கோபம் அவளுக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. தவறு செய்தவன் எதிரில் நிற்கிறான், அது அவள் இல்லை. "குத்துமதிப்பா? ஒரு மனுஷன் உள்ள கெடக்கறான் யூசுப்! இத்தனை நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ!"

இப்போதுதான் அவன் திரும்பினான். அவன் முகத்தில் பயம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அங்கே இருந்தது ஆச்சரியம்.

"இன்னாக்கா சொல்றே? உன்கிட்ட சொன்னேனே."

"எப்ப?"

"அங்கயே, பட்டறைலேர்ந்தே போன் பண்ணேன். யக்கா, ரெண்டு ஸ்டிக்கர் கயண்டுகிச்சு, ஆபீஸுக்கு எடுத்தாந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டு ஒட்டட்டான்னு கேட்டேன். 'ஒட்டிக் குடுத்துட்டு வா யூசுப், இதுக்கெல்லாமா போன் பண்ணுவே'ன்ட்டு வெச்சிட்டே."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. விஜயதசமி அன்று டிவி ஸ்டூடியோவில் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஒரு பெண் அவள் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். செல்போன் அடித்தது. ஏதோ பேசினாள், வைத்தாள். பவுடரின் வாசனைகூட ஞாபகம் இருக்கிறது. அவன் கேட்டது, அவள் சொன்னது, ஒரு சொல்கூட ஞாபகம் இல்லை. அதற்கடுத்து கேமராவுக்கு முன்னால், மனுஷன் பொய் சொல்லுவான், டிஜிட்டல் கைரேகை பொய் சொல்லாது என்று பேசியது மட்டும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. அந்த நிகழ்ச்சியை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள்!

"அப்பறமாச்சும் ஏன் சொல்லலை?"

"நீ நாலுன்னு எழுதினப்போ, சரி, யக்கா எங்கயோ செக் பண்ணிக்கிச்சுன்னு நெனச்சேன். அந்தாளத் தூக்கினப்பறம் டவுட்டு வந்து உன்கிட்ட வந்தேன். 'யக்கா, கன்ஃபார்மா'ன்னு கேட்டேன். அப்பீலே இல்லன்னே." யூசுப் மழைக்கோட்டின் பட்டனைத் திருகினான். "நீ தெரிஞ்சேதான் சொல்றேன்னு நெனச்சேன்க்கா. பேரு கெட்டுடும்னு மறைக்கறேன்னு. உன்னக் காட்டிக் குடுக்க எனக்கு மனசு வரல. அதான் ஜோக் அடிச்சுக்கினே திரிஞ்சேன்."

இப்படி ஓர் அடியை அவள் எதிர்பார்க்கவில்லை. தெரிந்தே ஓர் அப்பாவியை உள்ளே தள்ளக்கூடியவள் என்று தன்னைப் பற்றி ஒருவன் நினைத்திருக்கிறான். நினைத்த பிறகும் காலையில் வந்து டீ வாங்கிக் கொடுத்து, பைக் ஓட்டி, பக்கத்திலேயே நின்றிருக்கிறான்.

மூன்று பேரும் பூந்தமல்லிக்குப் புறப்பட்டார்கள். விஷால் தன் பைக்கில் டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். கோர்ட் வாசலில் இறங்கியதும் யூசுப் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"யக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. என் தலைல போட்டுடு. உதவியாளு ஸ்டிக்கர மாத்திட்டான், எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. அந்தாளும் வெளிய வந்துடுவாரு, உன் போர்டும் நிக்கும். எனக்கு இன்னா போச்சு? நாள மறுநாள் நெமிலிச்சேரில சமோசா விப்பேன். நாலாம் நம்பர் போண்டாவும் போடுவேன்."

சிரிப்பு வரவில்லை என்றாலும் அவன் முயற்சி செய்தான். தாட்சாயிணி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தாள். மணவாளன் மனைவியின் சந்தனத்தின் மேலும் போடலாம், இவன் மேலும் போடலாம். இரண்டும் பாதி உண்மைதான். பொய்யே சொல்ல வேண்டாம், ஒரே ஒரு போன் காலை விட்டுவிட்டால் போதும். அதை அவள் ஏற்கெனவே மறந்தவள்தானே?

படிக்கட்டில் சுவேதா நின்றிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கை காட்டினாள்.

"வா" என்றாள் தாட்சாயிணி.

டில்லிபாபு ஒடிசலான ஆள். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், கண்ணாடியை அடிக்கடி மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு நின்றிருந்தான். அவனுடைய வக்கீல் மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி கேட்டார். தாட்சாயிணி முன்னால் போய் நின்று சொன்னாள். போண்டாவைச் சொன்னபோது பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பஜ்ஜியைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. விஷால் தானாகவே கையைத் தூக்கி, நான்தாங்க அது என்றான்.

"ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியது உங்கள் உதவியாளர், அப்படித்தானே?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் ஒரு வயதான அம்மாள்.

யூசுப் வேகமாகத் தலையாட்டினான்.

"ஒட்டினது அவர்ம்மா. ஒட்டச் சொன்னது நான். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கட்டுமான்னு என்கிட்ட கேட்டாரு. வேணாம்னு சொன்னதும் நான்தான். அப்படிச் சொன்னதையே மறந்துட்டு, சந்தேகத்துக்கு இடமில்லைன்னு கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடது."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. சுவேதா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் இல்லாத கோபம் இப்போது அந்த முகத்தில் வந்திருந்தது. காலையிலேயே தெரிந்தும் சொல்லாமல் அனுப்பினாயா என்று அந்தக் கண்கள் கேட்டன. அது நியாயமான கோபம்தான்.

அரசு வக்கீல் எழுந்து எதிர்ப்பு எதுவும் இல்லை என்றார். டில்லிபாபுவுக்கு ஜாமீன் கிடைத்தது. அவன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். தாட்சாயிணி அவனைப் பார்த்துக் கும்பிட்டாள். அவன் திருப்பிக் கும்பிடவில்லை. சுவேதாவை நோக்கித் திரும்பிக்கொண்டான்.

தாட்சாயிணி கூண்டருகிலிருந்து நகரப் போனாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் மாஜிஸ்திரேட். "இதற்கு முன்னால் இந்த மாதிரி ரிப்போர்ட் கொடுத்திருக்கிறீர்களா?"

"குடுத்திருக்கேன்ம்மா."

"அதை வைத்துத் தண்டனை ஆகி யாராவது சிறையில் இருக்கிறார்களா?"

கோர்ட் ஹாலின் மின்விசிறி சத்தம் அவளுக்கு இப்போதுதான் கேட்டது. "மூணு பேர்."

"அந்த மூன்று பேர் கையில் டிஸ்க்கைக் கொடுத்தபோது நீங்கள் கூட இருந்தீர்களா?"

"இல்லைம்மா."

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "பேர்களைச் சொல்லுங்கள்" என்றார்.

தாட்சாயிணி முதல் பெயரைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். பேனா காத்திருந்தது. யூசுபைத் திரும்பிப் பார்த்தாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான். மூன்றாவது ஆளின் பெயர் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.